அகச்செவி நோயும் உப்புக் குறைந்த உணவும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. ஒருவர் இட்ட உப்பை உயிருள்ளவரை நினைத்திருத்தலை நன்றிக்கு இலக்கணமாகக் கொண்டவர் நாம். எனினும், உப்பை விலக்கி உண்ணும் வழக்கமும் நமக்குப் புதியதன்று. சித்த வைத்தியர்கள் சில மருந்துகளைக் கொடுக்கும்போது உப்பையும் புளியையும் அறவே நீக்கிக் கடும்பத்தியம் விதிப்பதை நம்மிற் பலர் அறிவர். மேனாட்டு வைத்தியத்திலும் இத்தகைய பத்தியங்கள் உண்டு. சிறுநீரக நோயாளரும் இரத்த அழுத்தமுடையோரும் உப்பைக் குறைக்கவேண்டும் என்பது இன்று எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால், செவியில் உண்டாகும் ஒரு நோய்க்கும் உப்புக் குறைந்த உணவே முதல் அறிவுரையாகக் கூறப்படுகின்றது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். செவிக்கும் உப்புக்கும் யாது தொடர்பு? அத்தொடர்பை முதலிற் கண்டவர் யாவர்? அவர்கள் கண்டது முற்றும் மெய்தானா? இவ்வினாக்களுக்கு விடை காணப் புகுந்தால், நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு நம் கண்முன் விரிகின்றது.

முதலில் நோயின் தன்மையைக் கூறுவோம். நல்ல சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவர், ஒரு செவி அடைத்துக்கொண்டாற்போல உணர்வார். அச்செவியில் இரைச்சல் எழும். கேட்கும் திறன் மங்கும். பின்னர் சுவரும் கூரையும் தம்மைச் சுற்றிச் சுழல்வதுபோலத் தோன்றும். எழுந்து நிற்க இயலாது. வாந்தி உண்டாகும், உடல் வியர்க்கும். ஆயினும் நினைவு மாத்திரம் தெளிவாகவே இருக்கும். 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம்வரை இந்த அவதி நீடிக்கலாம். பின்பு அது தானாகவே தணிந்துவிடும். சில நாட்களோ சில மாதங்களோ கழித்து மீண்டும் வரும். எப்போது வரும் என்பதை நோயாளி அறியார். வீதியைக் கடக்கையிலும், கிணற்றடியில் நிற்கையிலும், ஏணியில் ஏறுகையிலும் அது வந்துவிடுமோ என்ற அச்சம், நோயினும் பெரிய நோயாக அவரை வருத்தும். ஆண்டுகள் செல்லச் செல்ல அச்செவியின் கேள்வியும் குன்றிவிடும். இதுவே மெனியேர் நோய் எனப்படுவது.

இதனை விளங்கிக்கொள்வதற்கு அகச்செவியின் அமைப்பை அறிதல் வேண்டும். செவிப்பறைக்கு அப்பால், மண்டையோட்டின் மிகக் கடினமான எலும்பினுள்ளே, வளைந்து வளைந்து செல்லும் நுண்ணிய குகைகள் உள்ளன. அவற்றின் ஒரு பகுதி நத்தைக்கூடு போன்று சுருண்டிருக்கும், அது கேட்டற்குரியது. மற்றொரு பகுதியில் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. தலை எப்பக்கம் திரும்புகின்றது என்பதை அவை மூளைக்கு அறிவிக்கும். இவ்வெலும்புக் குகைகளுள் மெல்லிய சவ்வினாலான குழாய்கள் அமைந்துள்ளன. சவ்வுக் குழாயினுள் நிறைந்திருக்கும் நீர் அகநிணநீர். அதற்கு வெளியே சூழ்ந்திருக்கும் நீர் புறநிணநீர். கேட்டலும் உடலின் சமநிலையும் இவ்விரு நீர்களின் ஒழுங்கிலே தங்கியிருக்கின்றன. செவி நோயாளிக்குத் தலை சுழல்வது ஏன் என்பது இப்போது எளிதில் விளங்கும். ஆயின், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வைத்திய உலகிற்கு இது விளங்கவில்லை.

அக்காலத்தில், திடீரெனத் தலை சுழன்று வாந்தியெடுத்து விழுந்தவரைக் கண்டால், மூளையிலே இரத்தம் மிகுந்து தேங்கிவிட்டது என்றே வைத்தியர் கொண்டனர். தேங்கிய இரத்தத்தைக் குறைப்பதே சிகிச்சையென்று கருதினர். நாளத்தைக் கீறி இரத்தம் வடித்தனர், அட்டைகளைக் கடிக்கவிட்டனர், கடும் பேதி மருந்துகளைக் கொடுத்தனர். முன்னமே வாந்தியினாற் களைத்துப்போன நோயாளி, இச்சிகிச்சையினால் மேலும் நலிந்தார். நோயின் இடத்தைத் தவறாக அறிந்தமையால் விளைந்த துன்பம் இது.

இத்தவற்றைத் திருத்த முயன்றவர் புரோஸ்பெர் மெனியேர் என்னும் பிரான்சிய வைத்தியர். 1799ஆம் ஆண்டு ஜூன் மாதம் அஞ்சே நகரிற் பிறந்த இவர், பாரிஸ் மாநகரின் பெரிய வைத்தியசாலையில் துப்பியுத்திரன் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் பணிபுரிந்தார். 1833இல், பிளே கோட்டையிற் சிறைவைக்கப்பட்டிருந்த பெரி கோமாட்டியாரின் வைத்தியராக அரசாங்கம் இவரை அனுப்பியது. 1835இல் தென் பிரான்சில் வாந்திபேதி பரவியபோது அங்கே சென்று தொண்டாற்றினார். தாவரவியலிலும் இலத்தீன் இலக்கியத்திலும் ஈடுபாடுடையவர். இலத்தீன் கவிஞர்களை வைத்திய நோக்கில் ஆராய்ந்து நூலும் எழுதியவர். 1838இல் பாரிசிலுள்ள செவிட்டூமையர் நிலையத்தின் தலைமை வைத்தியர் பதவி இவருக்குக் கிட்டியது. அதுவே அவருடைய வாழ்வின் போக்கை நிருணயித்தது.

அந்நிலையத்திலே இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் செவி நோயாளரைக் கண்டார். அவர்கள் கூறியதைச் செவிசாய்த்துக் கேட்டார். தலைச்சுற்றினால் வருந்தியவர்களுட் பலர் ஒரு செவியில் இரைச்சலும் கேள்விக் குறைவும் உடையவராயிருப்பதைக் கவனித்தார். மூளை நோயென்றால் கைகால் விழுதல், பேச்சுக் குழறுதல் முதலிய குறிகள் தோன்றவேண்டும். இவர்களிடம் அவை தோன்றவில்லை. நோய் தணிந்ததும் எழுந்து தத்தம் தொழிலைப் பார்த்தனர். ஆனால் செவி மாத்திரம் முன்போற் கேட்கவில்லை. அப்படியாயின் நோயின் உறைவிடம் மூளையாதல் எவ்வாறு?

அவருக்குத் துணையாக நின்றது மற்றொரு பிரான்சியரின் ஆராய்ச்சி. பியேர் புளுரான்ஸ் என்பவர் 1820களில் புறாக்களின் அரைவட்டக் கால்வாய்களை வெட்டிப் பரிசோதித்திருந்தார். வெட்டுண்ட புறா கேட்கும் திறனை இழக்கவில்லை; ஆனால் வெட்டிய கால்வாய் எத்தளத்தில் இருந்ததோ அத்தளத்திலே தலையை ஆட்டியது; சுழன்றது; நேராக நடக்க இயலாது தடுமாறியது. இப்புறாக்களின் தடுமாற்றத்தையும் தம் நோயாளரின் தலைச்சுற்றையும் மெனியேர் ஒப்புநோக்கினார்.

1861ஆம் ஆண்டு ஜனவரி 8ஆந் திகதி, பாரிஸ் வைத்திய அக்கடமியின் முன்னிலையில் அவர் தமது கட்டுரையை வாசித்தார். தலைச்சுற்று, வாந்தி, செவியிரைச்சல், கேள்விக் குறைவு ஆகிய நான்கும் சேர்ந்து வருமாயின், நோயின் இடம் அகச்செவியே என்று அவர் வாதித்தார். குளிர்கால இரவொன்றில் வண்டியின் மேற்றட்டிலிருந்து பயணஞ் செய்த ஓர் இளம்பெண்ணின் வரலாற்றையும் அவர் எடுத்துரைத்தார். அப்பெண் திடீரெனச் செவிடாகி, ஓயாத தலைச்சுற்றாலும் வாந்தியாலும் வருந்தி, ஐந்தாம் நாள் இறந்தாள். உடலைச் சோதித்தபோது மூளையிலும் முண்ணாணிலும் குற்றம் ஏதும் காணப்படவில்லை. அரைவட்டக் கால்வாய்களிலே இரத்தங் கலந்த கசிவு காணப்பட்டது. அகச்செவி கெட்டால் தலை சுழலும் என்பதற்கு இது வலிய சான்றாயிற்று. ஆயின், அப்பெண்ணுக்கு வந்தது மெனியேர் நோயன்று என்பதே பின்வந்தோர் கொள்கை. மெனியேரும் அவளை நோயின் முன்மாதிரியாகக் காட்டவில்லை. இதனை உணராத பலர், செவியுள் இரத்தம் கசிவதே இந்நோயின் காரணமென்று நெடுங்காலம் எண்ணிவந்தனர்.

அக்காலத்தில் மூளையின் இரத்தத் தேக்கம் பற்றி அக்கடமியிலே பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. அதே மாதத்தில் துரூசோ என்னும் பேரறிஞரும் அப்பொருள்பற்றிப் பேசி, பழைய கொள்கையின் குறைகளை எடுத்துக்காட்டினார். மெனியேர் தமது கருத்தின் வெற்றியைக் காணும்வரை வாழ்ந்தாரில்லை. 1862ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் நுரையீரற் காய்ச்சலால் அவர் காலமானார். அவர் பெயர் நோய்க்குச் சூட்டப்பட்டது அதன் பின்னரே.

நோயின் இடம் தெரிந்துவிட்டது. அட்டையும் கீறுகத்தியும் மெல்ல மெல்லப் பின்வாங்கின. ஆனால் அவற்றின் இடத்தில் என்ன வைப்பது? பாரிஸ் நகரின் நரம்பியற் பேராசிரியர் சார்க்கோ 1870களில் குவினைன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அளவுக்கு மீறிய குவினைன் செவிக்கே தீங்கு செய்வது. நோயுற்ற செவியின் உணர்ச்சியை அடக்கித் தலைச்சுற்றையும் அடக்கலாம் என்பது அவருடைய எண்ணம். மறுபுறத்தில் அகச்செவி பற்றிய அறிவு வளர்ந்தது. 1870இல் ஜெர்மானியராகிய கோல்ட்ஸ் என்பவர், அரைவட்டக் கால்வாய்கள் உடலின் சமநிலைக்குரிய உறுப்பு என்று விளக்கினார். வியன்னா நகரத்து ரொபேட் பாராணி, செவியிலே வெந்நீரையோ தண்ணீரையோ செலுத்தினாற் கண்கள் அசையும் முறையைக்கொண்டு அகச்செவியைச் சோதிக்கும் வழியைக் கண்டார். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது அவர் ருஷ்யாவிலே போர்க்கைதியாக இருந்தார். இவ்வாறு சோதனை முறைகள் பெருகின. நோயாளியோ முன்போலவே படுக்கையில் கிடந்து, சுழற்சி நிற்கும் நேரத்தை எதிர்பார்த்திருந்தார்.

இனி உப்பின் கதைக்கு வருவோம். உப்பு உடம்பில் நீரைத் தங்கவைக்கும் என்ற உண்மை முதலில் சிறுநீரக நோயாளரிடத்திலேயே காணப்பட்டது. 1903இல் பாரிஸ் நகரைச் சேர்ந்த பெர்னாண்ட் விடால் என்பவர், உடல் வீங்கிய சிறுநீரக நோயாளருக்கு உப்புள்ள உணவையும் உப்பற்ற உணவையும் மாறி மாறிக் கொடுத்தார். உப்பைச் சேர்த்தபோது வீக்கம் ஏறியது, நீக்கியபோது வடிந்தது. உண்ணும் பொருளிலும் அதிற் சேரும் உப்பே வீக்கத்திற்குக் காரணம் என்பதை அவர் நிறுவினார். உப்பில்லாப் பத்தியம் மேனாட்டு வைத்தியசாலைகளிற் பெருவழக்காயிற்று.

இக்கருத்து செவி வைத்தியத்துள் நுழைந்தது டென்மார்க் நாட்டின் வழியாக. கொப்பன்ஹேகன் நகரிலே டிடா டேடர்டிங் என்னும் பெண் வைத்தியர் மெனியேர் நோயாளரை நுணுகி ஆராய்ந்து, 1929இல் தமது முடிபுகளை வெளியிட்டார். மிகின்ட் என்பவரும் அவரும் சேர்ந்து இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தனர். இந்நோய் செவியளவில் நிற்பதன்று. உடம்பு நீரைக் கையாளும் முறையிலேயே கோளாறு உண்டு. உடம்பில் நீர் தங்கும்போது நோய் மிகுகின்றது என்பது அவர்கள் கொள்கை. ஆகவே அவர்கள் நீரையும் உப்பையும் குறைக்கும்படி விதித்தனர். சிறுநீரைப் பெருக்கும் மருந்துகளையும் கொடுத்தனர். ஆனால், தாகத்தை அடக்கிக்கொண்டிருத்தல் எளிதானதா? நோயாளருக்கு இது ஒரு தவமாகவே இருந்திருக்கும்.

அடுத்த படி அமெரிக்காவில் வைக்கப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்ஸ்டன்பேர்க் என்னும் செவிநோய் நிபுணர், லாஷ்மெற், லேத்ரொப் என்னும் இருவரோடு சேர்ந்து 1934இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். டென்மார்க் வைத்தியர் கூறிய நீரை இவர்கள் முதற்காரணமாகக் கொள்ளவில்லை. உப்பில் அடங்கியுள்ள சோடியத்தையே காரணமாகக் கண்டனர். சோடியம் குறைந்த உணவினால் அமைதியடைந்திருந்த நோயாளருக்குச் சோடியத்தை மீண்டும் கொடுத்தபோது தலைச்சுற்று திரும்பி வந்தது என்று அவர்கள் எழுதினர். ஆகவே நீரைக் கட்டுப்படுத்துவதிலும் சோடியத்தைக் கட்டுப்படுத்துவதே தலையாயது என்றனர். புரதம் மிகுந்து சோடியம் குறைந்த உணவையும், உடம்பிலுள்ள சோடியத்தை வெளியேற்றுவதற்கு அமோனியங் குளோரைட்டு என்னும் உப்பையும் விதித்தனர். இது பேர்ஸ்டன்பேர்க் உணவுமுறை என்ற பெயரோடு பல நாடுகளிற் பரவியது. பேர்ஸ்டன்பேர்க் 1935இல் தம் பல்கலைக்கழக வைத்திய பீடத்தின் தலைவராகி, ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அப்பதவியை வகித்தமையும் அதன் புகழுக்குத் துணைசெய்திருக்கலாம். 1940இல் வேறு சிலர் பொற்றாசியங் குளோரைட்டைக் கொடுத்துப் பார்த்தனர். 1950களின் பிற்பகுதியில் புதிய சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள் வந்ததும், அமோனியங் குளோரைட்டு வழக்கொழிந்தது. உப்புக் குறைந்த உணவு மாத்திரம் நிலைத்தது.

இவ்வுணவுமுறையின் பெருமையை உணர்வதற்கு, அக்காலத்து மாற்றுவழி எதுவென்று நோக்கவேண்டும். பிரான்சின் போர்தோ நகரத்துப் போர்ட்மன் என்பவர் 1920களின் நடுவில் அகநிணநீர்ப் பையைத் திறந்து நீரை வடிக்கும் சத்திரசிகிச்சையைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வால்டர் டாண்டி, மண்டையைத் திறந்து செவி நரம்பையே அறுத்தார். 1946இல் அவர் இறக்குமுன் நூற்றுக்கணக்கானோருக்கு இச்சிகிச்சை செய்தார். தலைச்சுற்று நின்றது, ஆயின், முழு நரம்பும் அறுபட்டோர் அச்செவியின் கேள்வியை அறவே இழந்தனர். மண்டையைத் திறப்பதற்கும் உப்பைக் குறைப்பதற்கும் இடையே தெரிவு செய்யவேண்டியிருந்தால், எவர்தாம் உப்பைக் குறைக்க உடன்படார்?

உணவு முறை முந்தி வந்தது. நோயுற்ற செவியைக் கண்ணாற் கண்டது பிந்தியே. 1938இல் இலண்டன் நகரில் ஹால்பைக், கெயான்ஸ் என்னும் இருவர், சத்திரசிகிச்சையின் பின் இறந்த இரு நோயாளரின் செவியெலும்புகளை மெல்லிய படலங்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். அகநிணநீர் மிகுந்து, சவ்வுக் குழாய்கள் ஊதிப் பருத்திருப்பதைக் கண்டனர். அதே ஆண்டில் யப்பானின் ஒசாக்கா நகரிலே யமகாவா என்பவரும் இதனையே தனித்துக் கண்டறிந்தார். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டார் ஓராண்டிலே ஒரே உண்மையைக் கண்டமை வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. செவியினுள்ளே நீர்வீக்கம் உண்டு என்பது தெளிவானதும், உப்பைக் குறைத்தல் வேண்டும் என்ற விதி முற்றிலும் பொருந்துவதாகத் தோன்றியது. கால் வீக்கத்தை வடிக்கும் பத்தியம் செவி வீக்கத்தையும் வடிக்கும் என்பது எவருக்கும் எளிதில் விளங்கும் விளக்கமன்றோ?

நிற்க. எளிதில் விளங்கும் விளக்கங்கள் யாவும் மெய்யாகிவிடுவதில்லை. 1954இல் அமெரிக்காவிலே சிமித், லவ்றி, வூ என்னும் மூவர் அகச்செவி நீர்களைத் துளியளவில் எடுத்து அளந்தனர். உடம்பின் ஏனைய புறநீர்களில் சோடியமே மிகுதி, புறநிணநீரிலும் அப்படியே. அகநிணநீரிலோ பொற்றாசியம் மிகுந்து, சோடியம் மிகக் குறைந்திருந்தது. எனவே, உண்ட உப்பு நேரே சென்று செவியின் உள்நீரைப் பெருக்குகின்றது என்ற பழைய சித்திரம் பொருந்தாதாயிற்று. அகச்செவி தனது உள்நீரைத் தானே ஆக்கி, உடம்பின் ஏற்றத்தாழ்வுகளிலிருந்து பெரும்பாலும் காத்துக்கொள்கின்றது. உப்பைக் குறைக்கும்போது உடம்பிற் பெருகும் அல்டொஸ்தெரோன் என்னும் சுரப்பு, அகநிணநீர்ப் பையைத் தூண்டி நீரை உறிஞ்சச் செய்யலாம் என்று இக்காலத்தவர் சிலர் கருதுகின்றனர். இதுவும் கருத்தளவிலேயே நிற்கின்றது.

இன்னொரு தடையும் உண்டு. இந்நோய் தானே வரும், தானே தணியும். ஆண்டுகள் செல்லப் பலரிடத்தில் தலைச்சுற்று தானாகவே அருகும். மிகக் கடுமையாக வருந்தும்போதுதான் நோயாளி வைத்தியரிடம் செல்கின்றார்; அதன்பின் எதைச் செய்தாலும், எதையும் செய்யாவிட்டாலும், சிலகாலம் ஆறுதல் கிட்டுவது இயல்பு. அந்த ஆறுதலின் பெருமை, அப்போது கொடுத்த மருந்தைச் சென்றடையும்.

இதனை விளக்குதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறலாம். 1961 மே 5ஆந் திகதி விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர் அலன் ஷெப்பேட். சில ஆண்டுகளில் மெனியேர் நோய் அவரைப் பற்றியது. விண்கலத்திற் செல்லும் தகுதியை அவர் இழந்தார். பின்னர் வேறு பெயரிலே வைத்தியசாலையிற் சேர்ந்து, வில்லியம் ஹவுஸ் என்னும் நிபுணரிடம் அகநிணநீர்ப் பையில் நுண்குழாய் பொருத்தும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 1969இல் இழந்த தகுதியை மீண்டும் பெற்றார். 1971 பெப்ருவரி 5ஆந் திகதி சந்திரனில் நடந்தார். இச்சிகிச்சைக்கு இதனினும் சிறந்த விளம்பரம் வேறு வேண்டுமா? ஆயினும் டென்மார்க் வைத்தியர்கள் இதனைச் சோதிக்கத் துணிந்தனர். 30 நோயாளரை இரு பகுதியினராக்கி, ஒரு பகுதியினருக்கு உண்மையான சிகிச்சையையும், மறு பகுதியினருக்குச் செவியின் பின்னெலும்பை மாத்திரம் திறந்து மூடும் போலிச் சிகிச்சையையும் செய்தனர். 1981இல் வெளிவந்த முடிவு யாது? இரு பகுதியினரிலும் பெரும்பாலோர் நலமடைந்தனர். இம்முடிவைப்பற்றிப் பின்னரும் வாதங்கள் நிகழ்ந்தன. ஆனால், போலிச் சிகிச்சைக்கும் இந்நோயில் இத்துணை வலிமை தோன்றும் என்ற பாடத்தை எவரும் மறக்கவில்லை. 2016இல் ஜெர்மனியில் 221 நோயாளரிடம் நடத்திய சோதனையிலும், பெரிதும் வழங்கும் பீட்டாஹிஸ்டீன் மாத்திரைக்கும் வெற்று மாத்திரைக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை; இரு சாராருக்கும் நோய் குறைந்தது.

அப்படியாயின் உப்புக் குறைந்த உணவின் நிலை என்ன? வைத்திய ஆராய்ச்சிகளைத் திரட்டி ஆராயும் கொக்ரேன் அமைப்பினர், 2018இல் இக்கேள்வியை எடுத்துக்கொண்டனர். முறையாக ஒப்பிட்டு நடத்திய தகுந்த சோதனை ஒன்றையேனும் அவர்கள் காணவில்லை. 2023இல் உணவையும் வாழ்க்கைமுறையையும் சேர்த்து மீண்டும் தேடியபோதும், தீர்ப்புக் கூறப் போதிய சான்று கிட்டவில்லை. 1934இலிருந்து எண்ணற்ற நோயாளருக்குச் சொல்லப்பட்டுவந்த அறிவுரை, இன்றுவரை உறுதியாக நிறுவப்படவுமில்லை, பொய்யென்று தள்ளப்படவுமில்லை. பயனில்லை என்று நிறுவுவது வேறு. பயனைச் சோதியாது விட்டது வேறு. இங்கு நேர்ந்தது பின்னதே.

எனினும் 2020இல் வெளிவந்த அமெரிக்கச் செவிநோய் நிபுணர்களின் வழிகாட்டி, உணவுமுறையைப்பற்றி நோயாளருக்கு எடுத்துரைக்குமாறு பணிக்கின்றது. அதற்குத் தக்க காரணம் உண்டு. உப்பைச் சற்றுக் குறைப்பதால் பெரும்பாலோருக்குத் தீங்கு நேராது; பணச்செலவும் இல்லை; இரத்த அழுத்தத்திற்கு நன்மை உண்டு என்பது ஐயமற நிறுவப்பட்டது. எப்போது விழுவோமோ என்று அஞ்சி வாழும் ஒருவருக்கு, தம் கையாலே செய்யத்தக்க ஒரு காரியம் இருப்பதும் சிறு பேறன்று. ஆனால் அவரிடம் உண்மையை மறைக்கலாகாது. உப்பைக் குறைத்தும் நோய் மீண்டும் வந்தால், "நீர் பத்தியத்தை மீறியிருப்பீர்" என்று அவரைக் குற்றஞ்சாட்டுவது கொடுமை. பத்தியம் நோயை அடக்கும் என்ற உறுதியை எவரும் கொடுக்க இயலாதபோது, நோய் வந்த பழியை அவர் தலையிற் சுமத்துதல் எங்ஙனம் நீதியாகும்?

இனி நம் அடுக்களையைச் சிறிது நோக்குவோம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு விதிக்கும் எல்லை நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவு. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அதில் அடங்கிய சோடியம் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம். சட்டியில் இடும் உப்பைக் குறைத்துவிட்டு, கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவற்றைத் தட்டிற் குவித்தால் பயனில்லை. கடைப் பாணிலும் தகர மீனிலும் பொதிசெய்த தின்பண்டங்களிலும் நாவுக்குத் தெரியாமலே உப்பு மறைந்திருக்கும். நமக்கு வாய்ப்பான பொருள் அரிசி. அதில் இயல்பாகவுள்ள சோடியம் மிகச் சிறிது. உப்பிடாத சோற்றையும் பழத்தையும் கொண்டே, கெம்ப்னர் என்னும் அமெரிக்க வைத்தியர் 1939இலிருந்து கடும் இரத்த அழுத்த நோயாளருக்குச் சிகிச்சை செய்து புகழ் பெற்றார். தேசிக்காய், மிளகு, இஞ்சி, உள்ளி, கறிவேப்பிலை ஆகியன உப்பின் குறையைப் பெரிதும் மறைக்கும். ஒரே நாளில் அறவே விலக்காது, வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் குறைத்துவந்தால் நாவும் பழகிவிடும்.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். உப்புக்குப் பதிலாக விற்கப்படும் சில பொருள்களில் பொற்றாசியம் மிகுதி; சிறுநீரகம் பழுதுற்றோருக்கு அது ஆபத்தாகலாம். சிறுநீர்ப்பெருக்கி உண்ணும் முதியோர், வைத்தியரைக் கேளாமல் உப்பை அறவே நிறுத்தலாகாது. தலைச்சுற்று யாவும் மெனியேர் நோயுமன்று. தலைச்சுற்றோடு கைகால் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, காணும் பொருள் இரண்டாகத் தோன்றினாலோ, அது மூளையின் இரத்தக்குழாயிற் பழுதாயிருக்கலாம். தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மெனியேர் எவ்வேறுபாட்டைத் தமது காலத்தவருக்கு உணர்த்தப் பாடுபட்டாரோ, அவ்வேறுபாட்டை நாமும் அறிந்திருத்தல் நன்று.

இவ்வரலாற்றை முழுமையாக நோக்கினால் ஒன்று புலனாகும். மூளையில் இரத்தம் தேங்கியது என்று ஐயமின்றி நம்பிய காலத்தில், வைத்தியர் துணிவோடு நோயாளியின் குருதியை வடித்தனர். இன்று ஐயத்தோடு கூறப்படும் அறிவுரை, உணவில் ஒரு சிட்டிகை உப்பைக் குறைக்கும்படி பணிவோடு கேட்கின்றது. அறியாததை அறியாததென்று ஒப்புக்கொள்ளும் வைத்தியம் நோயாளிக்குத் தீங்கு செய்வது அரிது. உப்பின் பயனை ஐயமற நிறுவும் சோதனை இனித்தான் நடைபெறவேண்டும். அதுவரை, உப்பைக் குறைத்துப் பார்ப்பதும், சில மாதங்கள் நோயின் வரவைக் குறித்துவைப்பதும், அக்குறிப்பைத் தம் வைத்தியரிடம் காட்டி மேற்கொண்டு செய்யவேண்டுவதைத் தீர்மானிப்பதுமே நோயாளருக்குத் தக்க வழியாகும்.